இரண்டே முக்கால் மணி நேரப் படத்தை எழுந்து போகாமல் பார்ப்பது எப்படி

வேலூர் லாங் பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் முப்பது வருஷத்துக்கு மேலாக வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். சினிமாவைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்றால், இந்தப் படத்தின் ஆரம்பத்தில் ஒரு கடிகாரக்காரர் வருகிறார், அவ்வளவுதான். படம் 'தி கியூரியஸ் கேஸ் ஆஃப் பெஞ்சமின் பட்டன்'. 2008 டிசம்பரில் வந்தது. டேவிட் ஃபின்ச்சர் எடுத்தது. பிராட் பிட்டும் கேட் பிளான்செட்டும் நடித்தது. கிழவனாகப் பிறந்து, வருஷம் ஏற ஏற வயசு இறங்கிக்கொண்டே போகும் ஒருவனின் காதல் கதை. நீளம் 166 நிமிஷம். இடைவேளை கிடையாது.

போன மே மாதம் இதை அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு மொட்டைமாடியில் போட்டுக் காட்டினேன். இரவல் புரொஜக்டர், கொடியில் கட்டிய வெள்ளை வேட்டி, ராத்திரி ஒன்பது மணி. உட்கார்ந்தபோது ஒன்பது பேர். படம் முடிந்தபோது நானும் என் மகளும் ஒரு தலையணையும். பக்கத்து வீட்டுத் தம்பி படியிறங்கும்போது, "இன்னாண்ணே, ஒண்ணியும் பிரியல, அந்தக் கெயவன் யாரு?" என்று கேட்டுவிட்டுப் போனான். ஜனவரியில் மறுபடி போட்டேன். ஏழு பேர் வந்தார்கள், ஏழு பேரும் கடைசி வரை இருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் நான் மாற்றியது என்ன என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் நேரம். வேலூர் வெயில் மொட்டைமாடியைப் பகலெல்லாம் காய்ச்சிவிட்டு, ராத்திரி பத்து மணிக்கும் தோசைக்கல்லாக வைத்திருக்கும். அக்னி நட்சத்திரத்தில் காதல் படம் வேண்டாம். தை மாதம், ஞாயிறு, சாயங்காலம் ஐந்து மணி, வீட்டுக்குள், டிவியில். சாப்பாட்டுக்கு அப்புறம் ஆரம்பித்தால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் முடியும்படி வைத்தால் ஒருத்தரும் எழுந்து போக மாட்டார்கள். இரண்டு நிறுத்தம் சேர்த்து எட்டேகாலுக்கு முடிந்துவிடும்.

கொறிக்க முறுக்கு கொடுக்காதீர்கள். இது முக்கியம். கதையைத் தொடங்கி வைப்பது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் வயசான டெய்சி, படத்தின் கதாநாயகி. மூச்சு விட்டு விட்டு, முனகலாகப் பேசுவாள். ஒரு முறுக்கு நொறுங்கினால் அவள் சொன்ன ஒரு வாக்கியம் போச்சு. அவித்த வேர்க்கடலை சரியான பொருள். சத்தம் வராது, தோலுரிக்கும் வேலையில் கையும் சும்மா இருக்காது. சப்டைட்டிலைக் கட்டாயம் போடுங்கள். அமெரிக்காவின் தெற்கு மாநிலப் பேச்சு, இழுத்து இழுத்துப் பேசுவார்கள். என் மகளுக்கே பல இடத்தில் எழுத்து தேவைப்பட்டது.

படம் போடுமுன் ஐந்து நிமிஷம் பேசிவிடுங்கள். முதல் தடவை நான் செய்யாதது இதுதான். மூன்று விஷயம் சொன்னால் போதும். ஒன்று, ஆஸ்பத்திரியில் டெய்சியின் மகள் பெஞ்சமினின் டைரியைப் படிக்கிறாள், அதிலிருந்துதான் கதை விரிகிறது. 2005-ல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை நெருங்கும் நாள் அது. இரண்டு, அந்தக் குட்டைக் கிழவன் பிராட் பிட்தான். படத்தின் முதல் பகுதியில் வேறு சின்ன உடம்புக்காரர்களை நடிக்க வைத்து, தலையை மட்டும் கம்ப்யூட்டரில் செய்து பொருத்தியிருக்கிறார்கள். இதைச் சொல்லாவிட்டால் ஒரு மணி நேரம் "இவர்தானா, இல்லையா" என்றே ஓடும். ஆஸ்காருக்கு 13 பிரிவில் போய் 3 வாங்கிய படம். கலை இயக்கம், ஒப்பனை, விஷுவல் எஃபெக்ட்ஸ். மூன்றாவது, அந்தக் கடிகாரம்.

கடிகாரத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடவே பேசுகிறேன், என் தொழில். நியூ ஆர்லியன்ஸ் ரயில் நிலையத்துக்காக ஒரு கண் தெரியாத கடிகாரக்காரர் பெரிய கடிகாரம் செய்கிறார். முதல் உலகப் போரில் அவர் மகன் செத்துப்போகிறான். திறப்பு விழாவில் துணியை விலக்கினால் முள் பின்பக்கமாக ஓடுகிறது. காலம் திரும்பினால் போரில் செத்த பிள்ளைகள் எழுந்து வீட்டுக்கு வரட்டும் என்றுதான் இப்படிச் செய்தேன் என்கிறார். மே மாதம் மாடியில் இந்தக் காட்சியில் யாரோ கொட்டாவி விட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது.

அதனால் இரண்டாம் தடவை, வாசல் ஹாலில் நிஜமாகவே பின்னால் ஓடும் கடிகாரம் ஒன்றை மாட்டினேன். சாவி கொடுக்கும் பழைய கடிகாரத்தில் இதைச் செய்வது பெரிய வேலை. நடுவில் ஒரு பல்சக்கரம் கூடுதலாகக் கடைந்து போட வேண்டும். செல் போடும் சாதாரண சுவர்க் கடிகாரத்தில் பத்து நிமிஷம்தான். செல்லைக் கழற்றி, பின்னால் உள்ள கறுப்பு பிளாஸ்டிக் மெஷினின் மூடியை நகத்தால் நெம்பித் திறங்கள். சக்கரங்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் என் கடைக்கு வர வேண்டியிருக்கும். செப்புக்கம்பிச் சுருள் ஒன்று, அதோடு சேர்ந்த ஒரு இரும்புத் தகடு, தகட்டின் ஓட்டைக்குள் குட்டிக் காந்தச் சக்கரம். அந்த ஓட்டை பார்க்க வட்டமாக இருக்கும், ஆனால் இல்லை. ஒரு பக்கம் மயிரிழை கோணல். எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று காந்தத்துக்குச் சொல்வது அந்தக் கோணல்தான். தகட்டை ட்வீசரால் எடுத்து, தலைகீழாகப் புரட்டி, அதே இடத்தில் வைத்து மூடிவிடுங்கள். முள் இடமாகச் சுற்றும். சலூன்காரர் ஒருவருக்கு இப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன், எண்களையும் திருப்பி ஒட்டி. நாற்காலியில் உட்கார்ந்தவர் கண்ணாடியில் பார்த்தால் நேரம் நேராகத் தெரியும்.

வந்தவர்கள் ஏழு பேரும் படம் ஆரம்பிக்கும் முன்பே அந்தக் கடிகாரத்தைச் சுற்றி நின்றுவிட்டார்கள். அப்புறம் கடிகாரக்காரர் காட்சியில் ஒரு மூச்சுச் சத்தம் இல்லை.

இப்போது நிறுத்தங்கள். நம் ஆட்கள் இடைவேளையோடு வளர்ந்தவர்கள், அதை மறுக்கக் கூடாது. ஆனால் கண்ட இடத்தில் நிறுத்தாதீர்கள். முதல் நிறுத்தம், பெஞ்சமின் இழுவைப் படகில் வேலைக்குப் புறப்படும்போது. போகும் இடத்திலிருந்தெல்லாம் தபால் அட்டை போடு என்று டெய்சி கேட்பாள். அங்கே நிறுத்தி டீ கொடுங்கள்.

இரண்டாவது, பாரிஸ் விபத்து முடிந்ததும். அந்த விபத்தை மட்டும் நடுவில் யாரும் பேசாமல் பார்க்க வைத்துவிட்டால் உங்கள் வேலை பாதி முடிந்தது. ஒருத்தி கோட்டு எடுக்க மறந்து திரும்பப் போகிறாள், போன் அடிக்கிறது, டாக்ஸிக்காரன் காபி குடிக்க நிற்கிறான், ஒருவன் அலாரம் வைக்க மறந்து ஐந்து நிமிஷம் தாமதமாகக் கிளம்பி டாக்ஸிக்குக் குறுக்கே வருகிறான், ஒரு தோழியின் ஷூ லேஸ் அறுந்துவிடுகிறது. பல்லுக்குப் பல் மாட்டிக்கொண்டு ஓடும் சக்கரங்கள் மாதிரி ஒன்று அடுத்ததைத் தள்ளி, கடைசியில் டெய்சியின் காலில் வந்து முடிகிறது. அலாரம் வைக்க மறந்தவனைப் பார்த்து என் மனைவி, "என்னங்க, நம்ம கடையில ரிப்பேருக்குக் கொடுத்திருப்பான் போல" என்றாள். அந்த ஒரு பேச்சை மன்னித்துவிட்டேன்.

குடும்பத்தோடு பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. படகுக் கேப்டன் நம் ஆளை ஒரு இடத்துக்குக் கூட்டிப் போவார். மாமியார் பக்கத்தில் இருந்தால் அந்த நேரம் பார்த்து வேர்க்கடலைப் பாத்திரத்தை நிரப்ப எழுந்துகொள்ளுங்கள், ரிமோட்டோடு. அப்புறமும் இரண்டு மூன்று இடம் உண்டு, ஆனால் சமாளிக்கலாம். குழந்தைகள் இருந்தால், ஏழு தடவை தன்னை மின்னல் தாக்கியதாகச் சொல்லும் தாத்தா ஒருவர் வருவார். ஒவ்வொன்றாக எண்ணச் சொல்லுங்கள், கடைசி வரை விழித்திருப்பார்கள்.

முடிவைச் சொல்ல மாட்டேன். புயல் தண்ணீர் வரும்போது லைட்டைப் போடாதீர்கள் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். அந்தக் கடிகாரத்தை மறுபடி பார்க்க வேண்டும்.

அடுத்தது, இந்தப் படத்துக்கு மூலமான கதை. எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1922-ல் எழுதிய சிறுகதை இது, 'காலியர்ஸ்' பத்திரிகையில் வந்தது. பதினொரு சின்னப் பகுதிகள். காப்புரிமை முடிந்துவிட்டதால் இன்டர்நெட்டில் இலவசமாகவே கிடைக்கும். மகள் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள், நான் அகராதியை வைத்துக்கொண்டு நான்கு ராத்திரியில் படித்தேன். முதலில் கதையைப் படித்துவிட்டுப் படம் பாருங்கள் என்பார்கள். நான் மாற்றிச் சொல்வேன். படத்தில் நீங்கள் அழுத எதுவும் கதையில் இருக்காது. டெய்சி இல்லை. நியூ ஆர்லியன்ஸ் இல்லை, பால்டிமோர். பிறந்த வருஷம் 1918 இல்லை, 1860. அனாதையாக விட்டுப் போன குழந்தையை எடுத்து வளர்க்கும் குவீனி இல்லை. கடிகாரக்காரரும் இல்லை, அதில்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம். படத்தில் அப்பாவுக்குப் பட்டன் தொழிற்சாலை. கதையில் மொத்த ஹார்டுவேர் வியாபாரம். கதையில் கல்யாணம் உண்டு, ஆனால் பெண்டாட்டிக்கு வயசாக ஆக இவனுக்கு அலுத்துப் போகிறது. முழுக்கக் கிண்டல். ஃபிட்ஸ்ஜெரால்டிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்தப் புரட்டிப் போட்ட தகடு ஒன்றைத்தான். மெஷின் முழுக்கப் படக்காரர்கள் புதிதாகச் செய்தது. கதையை முதலில் படித்தவர், படத்தில் கிண்டலைத் தேடிக்கொண்டே இருந்து காதலைக் கோட்டை விடுவார்.

அதனால் படம் முடிந்து, கை கழுவி, இட்லி சாப்பிடும்போது கதையின் முதல் பகுதியை மட்டும் சத்தமாகச் சொல்லுங்கள். படிக்க வேண்டாம், தமிழில் சொல்லுங்கள். குழந்தை பிறந்த செய்தி கேட்டு அப்பன்காரன் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறான். டாக்டர் எரிந்து விழுகிறார், நர்ஸ் முறைக்கிறாள். உள்ளே போனால் தொட்டிலில் எழுபது வயசுக் கிழவன், புகை நிறத்தில் நீளத் தாடி, கால் வெளியே தொங்குகிறது, "நீதான் என் அப்பனா?" என்கிறான். வேலூரில் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்காத குடும்பம் ஏது? பக்கத்து வீட்டுத் தம்பி சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டான்: "அப்புறம் பில்லு யாரு பேருல போட்டாங்கண்ணே?"