பத்தாயப் பலகையை மேசையாக்கும் முன்: பழைய மரத்தில் செய்யக் கூடாத தவறுகள்

போன மாதம் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் நின்றுகொண்டிருந்தேன். ஓர் இளைஞர் ஆட்டோவில் நான்கு அயனி மரப் பலகைகளைக் கொண்டுவந்து இறக்கினார். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்தடி நீளம், இருபது அங்குல அகலம். இடித்த தறவாட்டிலிருந்து, அதாவது பழைய குடும்ப வீட்டிலிருந்து, எடுத்த பத்தாயப் பலகைகள். பத்தாயம் என்பது நெல் சேமிக்கும் பெரிய மரப்பெட்டி. இரண்டு இரண்டாக ஒட்டி, சுற்றிலும் இரும்பு எல் ஆங்கிள் வைத்து மேசையாக்க வேண்டுமாம். பட்டறைக்காரரிடம் அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "அண்ணே, ஒரு நூல் கூட ஆடப்பிடாது. நல்லா முறுக்கிப் பிடிங்க."

பதினான்கு வருடங்களுக்கு முன் நானும் இதே வார்த்தைகளை, இதே மாதிரி பலகைகளைக் காட்டிச் சொன்னேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அளவெடுக்காமல் அறுப்பது, கண்ணாடி போடாமல் கிரைண்டர் பிடிப்பது போன்றவற்றை நான் எழுதப் போவதில்லை. அதெல்லாம் ஒரு தடவை பட்டால் தானே புரிந்துவிடும். பல மாதம் கழித்து, வேலையெல்லாம் முடிந்து பணமும் வாங்கிய பிறகு தலையைக் காட்டுகிற தவறுகள்தான் என் கவலை.

நம் குமரி மாவட்டத்தில் பழைய மரத்துக்குப் பஞ்சமே இல்லை. மரப்பலகைச் சுவர் வைத்த நிரைவீடுகளை இடிக்கிறார்கள், ஓட்டு வீடுகளைப் பிரித்துக் கான்கிரீட் போடுகிறார்கள். அயனி, பலா, தேக்கு, அபூர்வமாக ஈட்டி. இன்றைக்குக் கடையில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் இருபது அங்குல அகலத்தில் ஒற்றைப் பலகை கிடைப்பது கஷ்டம். ஒரு பலகை வீணானால் அதற்கு மாற்று இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மரம் தின்னும் உளுவை வீட்டுக்குள் அழைத்து வருவது

மரத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டை இருந்தால் உடனே பயப்பட வேண்டாம். ஐம்பது வருடம் முன்னால் வந்து போன வண்டின் ஓட்டையாகவும் இருக்கலாம். இப்போது உள்ளே உயிர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பலகைக்கு அடியில் கறுப்புத் துணியோ கறுப்புத் தாளோ விரித்து இரண்டு மூன்று வாரம் விடுங்கள். பவுடர் மாதிரி மாவு கொட்டியிருந்தால் வண்டு வேலை செய்கிறது. கசகசா மாதிரி குருணையாக உதிர்ந்திருந்தால் அது வண்டு இல்லை, உலர்ந்த மரத்திலேயே குடியிருக்கும் கரையான். அது இன்னும் மோசம்.

மாவு கொட்டுகிற வண்டு பெரும்பாலும் வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும், நடுவில் இருக்கும் கெட்டியான வைரத்தைத் தொடாது. ஓரத்தில் மட்டும் வெள்ளை என்றால் அந்தப் பட்டையை அறுத்து எறிந்துவிடுவதே சுலபமான மருந்து. முடியாவிட்டால் பாலிஷை எல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, வெறும் மரத்தில் போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசலை இரண்டு மூன்று தடவை பூசுங்கள். பாலிஷுக்கு மேலே பூசினால் அது உள்ளே இறங்காது. மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். உள்ளே ஆழத்தில் இருக்கும் புழுவுக்கு அது போய்ச் சேராது, அப்புறம் நீங்கள் போடும் பாலிஷும் பிடிக்காது.

ஆணி

காந்தத்தை வைத்துப் பலகை முழுக்கத் தடவாமல் இழைப்புளியைத் தொடாதீர்கள்.

அகலப் பலகையை அசையவிடாமல் பூட்டுவது

இதைத்தான் நீளமாகச் சொல்ல வேண்டும்.

திருவட்டாறு பக்கத்தில் ஒரு வீட்டை மாசி மாதம் இடித்தார்கள். அங்கே ஒரு பத்தாயம் இருந்தது. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போகமும் அறுத்து நெல் நிறைத்து வைத்த பெட்டி. பலகை இடுக்கில் கத்தியை விட்டால் அப்போதும் உமி வந்தது. அதை நான் விலைக்கு வாங்கிப் பிரித்தேன். இரண்டு பலகைகளை ஒட்டி, மூன்றடிக்குக் கொஞ்சம் மேலே அகலம் வரும் சாப்பாட்டு மேசை செய்வதாக ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்து, முன்பணமும் வாங்கிவிட்டேன்.

பிரித்த பலகைகள் என் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்தது. நம் மேற்குப் பக்கத்தில் அந்த மழை எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. துவைத்த துணி மூன்று நாள் காயாது, அலமாரியில் செருப்பு பூசணம் பிடிக்கும். அந்த ஈரக் காலத்தில்தான் நான் வேலையைத் தொடங்கினேன். பலகைகளை ஒட்டினேன், இரும்புச் சட்டத்தில் வைத்து நான்கு பக்கமும் ஸ்குரூ போட்டு இறுக்கினேன். மேல்பக்கம் நான்கு கோட் மெலமைன் பாலிஷ். அடிப்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒன்றும் பூசவில்லை.

ஆடி முதல் வாரம் மேசையைக் கொண்டுபோய் இறக்கினோம். ஆரல்வாய்மொழியில் ஆடிக்காற்று எப்படி இருக்கும் என்பது முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மலைக்கு மேற்கே மழையை இறக்கிவிட்டுக் கணவாய் வழியாகக் காய்ந்து வருகிற காற்று அது. தக்கலையில் குடை பிடித்துக்கொண்டு வண்டியேறியவர் அங்கே போய் இறங்கும்போது மண் கண்ணில் அடிக்கும். இவ்வளவும் எனக்குத் தெரிந்த விஷயம்தான். அதை மரத்தோடு சேர்த்து நான் யோசிக்கவில்லை.

மூன்றாவது வாரம் அந்த வீட்டு அம்மா போன் செய்தார். ராத்திரி படார் என்று சத்தம் கேட்டதாம், திருடன் என்று நினைத்து விளக்கைப் போட்டார்களாம். நான் போய்ப் பார்த்தபோது, ஒட்டின இடம் அப்படியே இருக்கிறது. அதற்கு ஒரு சாண் தள்ளி, பலகையின் நடு உடம்பில், ஒரு முனையிலிருந்து முக்கால் பாகம் வரை விரிசல். குனிந்து அடியில் பார்த்தேன், மேலே இருக்கும் டியூப்லைட் வெளிச்சம் கோடு மாதிரி தெரிந்தது. அன்றைக்கு ஓர் ஈர்க்கில் நுழைந்தது. ஆவணியில் அதே இடத்தில் பென்சில் நுழைந்தது.

நடந்தது இதுதான். மரம் காய்ந்து எத்தனை வருடம் ஆனாலும் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு ஏற்ப அது ஊதிக்கொண்டும் ஒடுங்கிக்கொண்டும்தான் இருக்கும். நீளவாக்கில் இந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாது. அகலவாக்கில்தான் எல்லாம். தேக்கு மாதிரி அடங்கின மரத்திலேயே, மூன்றடி அகலப் பலகையின் ஈரம் 18 சதவீதத்திலிருந்து 12 சதவீதத்துக்கு இறங்கினால் அகலம் இரண்டு நூலிலிருந்து மூன்று நூல் வரை குறையும் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்புச் சட்டம் ஒரு நூல் கூடக் குறையாது. இரண்டு பக்க ஸ்குரூவும் பலகையை இழுத்துப் பிடித்திருக்கின்றன, பலகை உள்ளே சுருங்கப் பார்க்கிறது. பசை நன்றாக இருந்தால் பசை விடாது, மரம்தான் கிழியும். அடிப்பக்கம் பாலிஷ் போடாததால் அந்தப் பக்கம் வேகமாகக் காய்ந்து, பலகை கிண்ணம் மாதிரி வளையவும் செய்தது.

எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் வேறு. அந்தப் பத்தாயத்தைப் பிரித்தபோதே விடை என் கையில் இருந்தது. பலகையின் ஓரத்தில், கறுத்துப்போன முகத்துக்குப் பக்கத்தில், அரை அங்குல அகலத்துக்கு வெளிறின பட்டை ஒன்று நீளமாக ஓடியது. சட்டத்தின் காடிக்குள், அதாவது நீளமாக வெட்டிய பள்ளத்துக்குள், செருகியிருந்த பாகம் அது. அதற்குள்ளேயே இன்னும் இரண்டு மூன்று மெல்லிய கோடுகள், ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் கறுப்பாக. மழைக்காலத்தில் பலகை எவ்வளவு உள்ளே போனது, வெயிலில் எவ்வளவு வெளியே வந்தது என்று அந்தப் பலகையே வருடக்கணக்காக எழுதி வைத்திருந்த கணக்கு. காடியில் பசையும் இல்லை, ஆணியும் இல்லை. அதைச் செய்த ஆசாரி பலகைக்கு ஓட இடம் விட்டிருந்தார். நான் அந்தக் கோடுகளை அழுக்கு என்று நினைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டேன்.

விரிசலை எங்கள் மூத்தாசாரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் திட்டவில்லை. விரிசலில் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, "மக்களே, வெட்டிப் போட்டா மரம் அடங்கிப் போச்சுன்னு நெனச்சியோ? மழைக்கு ஊதும், வெயிலுக்கு ஒடுங்கும். அதுக்கு எடம் விடணும், கேட்டியா?" என்றார். அவ்வளவுதான். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பலகை இரண்டு துண்டாகி, இன்று என் வீட்டில் சுவர் அலமாரித் தட்டாக இருக்கிறது.

சரி, எப்படிச் செய்ய வேண்டும்? முதலில் பலகையைக் காய விடுங்கள். மரக்கடையில் அடுக்குவது போல ஒரே கனத்தில் குச்சிகளை இடையில் வைத்து அடுக்கி, மேசை கடைசியில் எந்த வீட்டில் இருக்கப் போகிறதோ அந்த வீட்டிலேயே, அந்த அறையிலேயே வையுங்கள். ஏசி போடும் அறை என்றால் இன்னும் கட்டாயம். ஈரம் பார்க்கும் மீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒரு தராசு போதும். ஒரு பலகையை வாரம் ஒரு முறை எடை போட்டுச் சுவரில் எழுதி வாருங்கள். எடை குறைவது எப்போது நிற்கிறதோ அப்போது வேலையைத் தொடங்கலாம்.

சட்டத்தில் பூட்டும்போது, நடுவில் இருக்கும் ஸ்குரூவை மட்டும் சாதாரண ஓட்டையில் போடுங்கள். இரண்டு ஓரத்திலும் வரும் ஓட்டைகளைப் பலகையின் அகலவாக்கில் அரை அங்குலம் நீளமாக அரத்தால் ராவிவிட்டு, வாஷர் வைத்து, கையால் இறுக்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பலகை நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஓடிக்கொள்ளும். மரச் சட்டம் என்றால் சட்டத்தின் உள்பக்கம் காடி எடுத்து, நாக்கு வைத்த சின்னக் கட்டைகளை அதில் செருகிப் பலகையோடு ஸ்குரூ போடுங்கள், அது இன்னும் அழகு. சுற்றிலும் ஆங்கிள் வைத்துப் பெட்டி போல அடைப்பது மட்டும் வேண்டாம். அடைத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் செய்தால் கொஞ்சம் போதும், பங்குனி வெயிலில் செய்தால் நிறைய விடுங்கள், ஏனென்றால் அடுத்து அது ஊதத்தான் போகிறது. மேலே எத்தனை கோட் பாலிஷோ, அடியிலும் அத்தனை கோட்.

பழைய பெயின்ட்டை உலர்வாகத் தேய்ப்பது

நீலமும் பச்சையுமாக ஐந்தாறு அடுக்குப் பெயின்ட் அடித்த கதவுகள் நம் பக்கம் நிறைய வரும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயின்ட் என்றால் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். மெஷின் வைத்து உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பரவும், தவழும் குழந்தையின் கைக்கும் போகும். ஹீட் கன்னை அதிகச் சூட்டில் பிடித்தால் புகையாகவே உள்ளே போகும். பெயின்ட் ரிமூவர் பூசி, ஊறவிட்டு, தகட்டால் வழித்தெடுங்கள். மிச்சத்தை உப்புத்தாளை நனைத்துத் தேயுங்கள். சரியான மாஸ்க் போடுங்கள், வாயில் துண்டு கட்டிக்கொள்வது போதாது. வழித்த கழிவைத் தென்னந்தடத்தில் கொட்டாதீர்கள். வேலை செய்த சட்டையைத் தனியாகத் துவையுங்கள்.

பலாவுக்குச் சாயம் பூசுவது

வேண்டாம். மஞ்சளாக இருக்கிறதே என்று அவசரப்படாதீர்கள். வெளிச்சம் பட்டு அது தானே செம்பழுப்புக்கு வரும்.

கடலோர வீட்டுக்கு இரும்பு ஸ்குரூ

குளச்சல், முட்டம், மணக்குடி வீடுகளுக்குப் போகும் பொருளில் சாதாரண இரும்பு ஸ்குரூ போட்டால் இரண்டு வருடத்தில் துரு வழியும். உப்புக்காற்று இல்லாத இடத்திலும் தேக்கு மாதிரி மரத்தில் இரும்பும் ஈரமும் சேர்ந்தால் சுற்றிலும் கறுப்புக் கறை பிடிக்கும், தேய்த்தாலும் போகாது. பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போடுங்கள். பித்தளை மென்மையானது, வைரம் பாய்ந்த மரத்தில் நேரே முறுக்கினால் தலை ஒடிந்து உள்ளேயே நின்றுவிடும். துளை போட்டு, அதே அளவு ஸ்டீல் ஸ்குரூவை முதலில் முறுக்கிப் பாதை எடுத்து, அதைக் கழற்றிவிட்டுப் பித்தளையில் கொஞ்சம் மெழுகு தடவிப் போடுங்கள்.

முழுசாக இருப்பதை உடைப்பது

சட்டம், காடி, கதவு எல்லாம் சேதமில்லாமல் ஒரு பத்தாயம் கிடைத்தால் அதைப் பலகையாகப் பார்க்காதீர்கள். பத்மநாபபுரம் அரண்மனையில் மரவேலையைப் பார்த்து மணிக்கணக்காக நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து ஆத்தாளின் பத்தாயத்தை அறுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனது தாங்குவதில்லை. துடைத்து, எண்ணெய் கொடுத்து, மேலே மெத்தை போட்டால் அது இருக்கை. உள்ளே போர்வை அடுக்கலாம். ஓரம் உளுத்தது, கால் போனது, ஒரு பக்கம் நெருப்பில் கருகியது, இப்படிப்பட்டவற்றை மட்டும் பிரியுங்கள்.

வெல்டிங் பட்டறையில் பார்த்த இளைஞரிடம் அன்றைக்கே பேசினேன். பலகையின் ஓரத்தைத் திருப்பி அந்த வெளிறின பட்டையைக் காட்டினேன். அவருடையதிலும் இருந்தது, இன்னும் யாரும் தேய்க்கவில்லை. அவர் ஆங்கிளை வாங்காமல் பலகைகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இப்போது அவை அவர் வீட்டு முன்னறையில் குச்சி வைத்து அடுக்கிக் கிடக்கின்றன. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எடை போட்டு எனக்கு அனுப்புகிறார். போன வாரம் 11 கிலோ 450 கிராம். நேற்று 11 கிலோ 400. இன்னும் நிற்கவில்லை, பொறுங்கள் என்று பதில் போட்டிருக்கிறேன்.