இங்க்கில் ஒளியை வரையலாம்: முதலாழ்வார்கள் கதை, ஒரு பக்கக் காமிக்ஸ்

இங்க்கில் படம் போடும்போது கை வரைவதெல்லாம் நிழல்தான். தொடாமல் விட்ட காகிதம் வெளிச்சமாகிறது. கோலத்தில் அப்படி இல்லை. ஈர வாசலில் விழும் ஒவ்வொரு இழையும் வெள்ளை. அந்த வழியை இங்க்குக்குக் கொண்டுவரும் ஆசையில்தான் ஒளியையும் நிழலையும் இடம் மாற்றி வரையத் தொடங்கினேன். விதி ஒன்றுதான்: வெளிச்சம் விழும் இடத்தில் கறுப்பு, நிழல் இருக்கும் இடத்தில் வெறும் காகிதம். பழைய ஃபிலிம் நெகட்டிவைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும்.

இதற்கு முதலாழ்வார்கள் மூவரும் சந்தித்த திருக்கோவலூர் கதையை எடுத்துக்கொள்வோம். மழை இரவு, ஒரு இடைகழி (வாசலை ஒட்டிய குறுகிய நடை). பொய்கையாழ்வார் படுத்திருக்கிறார். பூதத்தாழ்வார் வர, இருவரும் உட்காருகிறார்கள். பேயாழ்வாரும் வந்ததும் மூவரும் நிற்கிறார்கள். அப்போது நான்காவதாக யாரோ நெருக்குகிறார்கள். பொய்கையார் பூமியை அகலாக்கி ஒரு விளக்கும், பூதத்தார் அன்பை அகலாக்கி ஒரு விளக்கும் ஏற்ற, பேயாழ்வார் பெருமாளைக் கண்டுவிடுகிறார். இருட்டு, நெருக்கம், விளக்கு, தரிசனம். ஒரு பக்கத்துக்கு இது போதும்.

என்னென்ன வேண்டும்

200 ஜி.எஸ்.எம் அளவில் கெட்டியான ஏ4 காகிதம், வாட்டர்ப்ரூஃப் டிராயிங் இங்க் (இந்தியன் இங்க்), தொட்டு எழுதும் நிப் பேனா, 2ஆம் எண், 6ஆம் எண் ரவுண்ட் பிரஷ், எச்பி பென்சில், வெள்ளை ஜெல் பேனா. பெங்களூரில் இருப்பவர்கள் அவென்யூ ரோடு பக்கம் ஒரு நடை போனால் பேப்பர், ஸ்டேஷனரிக் கடைகளை வரிசையாகப் பார்க்கலாம். இந்த இங்க்கை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றாதீர்கள், அடைத்துக்கொள்ளும். பிரஷையும் காயவிடாமல் உடனே கழுவுங்கள். இந்தியன் இங்க்கை அந்தக் காலத்தில் விளக்குக் கரியில்தான் செய்தார்கள், வீட்டில் கண்மை செய்வதைப் போல. விளக்கின் கரியைக் கொண்டே விளக்கை வரைகிறோம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

முதலில் கண்ணைப் பழக்குங்கள்

இருட்டு அறையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து, பக்கத்திலிருந்து மொபைல் டார்ச் அடியுங்கள். வெளிச்சம் பட்ட பக்கத்தை நெருக்கமான கோடுகளால் நிரப்பி, நிழல் பக்கத்தை விட்டுவிடுங்கள். பழத்தைச் சுற்றி அவுட்லைன் வேண்டாம். பழக்கத்தில் கை நிழல் பக்கம்தான் ஓடும். பத்துப் பழமாவது வரைந்தால்தான் அது மாறும். நான் அல்சூர் சோமேசுவரர் கோயில் மண்டபத்தில் சாயங்காலங்களில் உட்கார்ந்து, தூணில் எந்தப் பக்கம் வெளிச்சம் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அதுவும் பயிற்சிதான்.

கட்டங்கள்

ஐந்து கட்டம் போதும். படுத்திருப்பவருக்கு அகலமான கட்டம், உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் குறுகியது, நிற்பவர்களுக்கு ஒல்லியாக உயர்ந்தது. இடம் இறுகுவதைக் கட்டமே சொல்லிவிடும். நான்காவதில் விளக்கு. கடைசிக் கட்டம் பக்கத்தின் முழு அகலத்துக்கும்.

பென்சிலில் வரைந்ததும், கறுப்பாக வேண்டிய இடங்களில் சின்னதாக × போட்டுவிடுங்கள். பாதி வேலையில் எது ஒளி, எது நிழல் என்று கண்டிப்பாகக் குழம்பும். அப்போது × காப்பாற்றும்.

முதல் மூன்று கட்டங்களும் ஏறக்குறைய வெள்ளையாகவே இருக்கும், ஏனென்றால் அங்கே இருட்டு. மெல்லிய, விட்டு விட்டு வரும் கோடுகளில் உருவங்களைக் காட்டுங்கள். காலியாகக் கிடக்கிறதே என்று நிரப்பத் தோன்றும். நிரப்பாதீர்கள். அந்த வெறுமை இருந்தால்தான் நான்காவது கட்டத்தின் கறுப்பு எடுபடும்.

அங்கே சுடர் முழுக் கறுப்பு. அதிலிருந்து கோடுகள் விரிந்து, தூரம் போகப்போக மெலிய வேண்டும். விளக்கைப் பார்த்த கன்னம், மார்பு, கை எல்லாம் கறுக்கும். முதுகுகள் காகிதத்தோடு கரைந்துபோகும்.

முகத்தில் மட்டும் விதியைத் தளர்த்துங்கள். ஒளி நிழலை மாற்றினால், தெரிந்த முகமே நமக்கு அடையாளம் தெரியாது. முதல் முறை நான் முகத்தையும் முழுதாகத் திருப்பினேன், அம்மா பார்த்துவிட்டு, "இதுல யாருடா பேயாழ்வார்?" என்று கேட்டார். இப்போது கண்களை மட்டும் இயல்பாகவே விடுகிறேன்: வெள்ளை விழி, கறுப்புப் பாவை. பார்வை உயிரோடு இருந்தால் மற்றதை வாசகர் ஏற்றுக்கொள்வார்.

இனி கடைசிக் கட்டம். இந்த முறையை நான் இவ்வளவு நேசிப்பதே இதற்காகத்தான். பேயாழ்வார் கண்டது பொன்மேனி. பொன்னின் பிரகாசம் நம் விதிப்படி அடர்ந்த கறுப்பு. அந்தக் கறுப்பு, கார்வண்ணன் என்று நாம் கூப்பிடும் அதே நிறம்! வழக்கமான முறையில் வரைந்தால் ஒளியா கருமையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். இங்கே இரண்டும் ஒரே இங்க்கில் வந்துவிடுகின்றன. பெருமாள் உருவத்தின் ஓரத்தை நிப்பால் கட்டி, உள்ளே பிரஷால் நிரப்புங்கள். சங்கு, சக்கரம், மாலையின் மடிப்பு ஆகியவற்றுக்கு மட்டும் மயிரிழை வெள்ளை விட்டால் போதும். தவறினால் ஜெல் பேனா இருக்கிறது. ஒரே பூச்சில் திட்டுத் திட்டாக இருக்கும். காயவிட்டு இரண்டாவது பூச்சு கொடுங்கள். பெங்களூர் மழை நாட்களில் காய ரொம்ப நேரமாகும், அதற்குள் ரப்பரைத் தொடாதீர்கள்.

எழுத்து

பேச்சுக் குமிழிகளைத் திருப்ப வேண்டாம். கறுப்பில் வெள்ளை எழுத்து என்றால் 'ண', 'ஐ' போன்றவற்றின் சுழிகள் அடைபடும், மெய்யெழுத்துப் புள்ளிகள் காணாமல் போகும். வெள்ளையில் கறுப்பாக, 4 மி.மீ. உயரத்துக்குக் குறையாமல் எழுதுங்கள்.

சரிபார்ப்பது

பக்கத்தை மொபைலில் படமெடுத்து, போன் செட்டிங்ஸில் நிறத்தைத் தலைகீழாக்கும் வசதியைப் போட்டுப் பாருங்கள். இப்போது அது சாதாரணப் படமாகத் தெரிய வேண்டும்: கும்மிருட்டு, நடுவில் விளக்கு, கீழே ஒளிமயமான உருவம். ஏதாவது முதுகு வெளிச்சமாகத் தெரிந்தால் அங்கே கை பழைய பழக்கத்துக்குப் போயிருக்கிறது. அதனால் சந்தேகமான இடங்களை முதலில் வெள்ளையாகவே விட்டு, மொபைலில் பார்த்த பிறகு நிரப்புங்கள்.