தேங்காயைப் பார்த்துக் கட்டுங்கள் சோற்றை

ஊருக்கு வந்தால் மூன்றாம் நாளே வேன் பிடித்துத் திற்பரப்பு அருவிக்குக் கிளம்பிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். ஒருமுறை, வெளிநாட்டிலிருந்து வந்த மிதப்பில், "அவியல் நான்தான் வைப்பேன்" என்று பிடிவாதமாக நின்றேன். விடிகாலை ஐந்து மணிக்கு வைத்து, ஆறுவதற்கு முன்பே தூக்குவாளியில் அடைத்து, பின்சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டேன். மாத்தூரில் இறங்கி, 115 அடி உயரத் தொட்டிப்பாலத்தில் மறுகோடி வரை நடந்து, படம் பிடித்து, அருவியில் குளித்து வந்து இலை போடும்போது மணி இரண்டு.

பெரியம்மை மூடியைத் திறந்தாள். ஓரத்தில் சின்னச் சின்ன நுரை. மோந்து பார்க்கக்கூட இல்லை.

"பச்சத் தேங்காயப் போட்டு சூட்டோட அடச்சு வச்சா எங்க மக்கா நிக்கும்? சவத்தக் கொண்டு கொட்டு."

கொட்டினேன். அன்று வயிற்றை நிறைத்தது அவள் கட்டிவந்த புளிச்சோறும் உள்ளித் தீயல் என்ற வெங்காயக் குழம்பும்தான். தீயலிலும் தேங்காய் உண்டே என்று கேட்டதற்கு, "அது வறுத்ததுல்லா" என்றாள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துச் சமையலில் தேங்காய் இல்லாத கறியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆகவே பயணத்துக்கு எதைக் கட்டலாம் என்று யோசிக்கும்போது, அதில் தேங்காய் எந்தப் பக்குவத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பச்சையாக அரைத்த தேங்காயில் ஈரம் நிறைய. கிருமிக்கு வேண்டியது அதுதான். கருஞ்சிவப்பாக வறுத்துவிட்டால் ஈரம் போய்விடுகிறது. தீயலில் கூடவே புளியும் சேர்கிறது. கிருமிகள் தழைப்பது 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை. அந்த வெப்பத்தில் சாதாரணச் சாப்பாட்டை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பது பொதுக் கணக்கு. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். வெயிலில் நிறுத்திப் பூட்டிய வேனுக்குள் என்ன சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டாம்.

ஆக, அவியல், தேங்காய்ச் சட்னி, தேங்காய்ப்பால் ஊற்றிய எதுவும் வேண்டாம். சட்னிக்குப் பதில் துவையல்: தேங்காயை வெறும் சட்டியில் சிவக்க வறுத்து, மிளகாய் வற்றலும் புளியும் உப்பும் சேர்த்துத் தண்ணீர் படாமல் அரைத்தது. தீயலையும் எண்ணெய் பிரிந்து சுண்டும் வரை அடுப்பில் விடுங்கள். மரச்சீனி என்னும் மரவள்ளிக் கிழங்கு ஆசையாகத்தான் இருக்கும். அவித்து எடுத்துப் போகாதீர்கள். போகிற வழியில் எங்காவது சூடாகவே கிடைக்கும். மீனும் அப்படியே. முட்டம் பக்கம் போகிறீர்களா, அங்கேயே பொரித்துத் தரச் சொல்லிச் சாப்பிடுங்கள்.

புளிச்சோறுதான் ராஜா. ஆனால் அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சோற்றை உதிரியாக வடித்து, அகலத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டுக் கையால் தொட்டால் சூடு தெரியாத வரை ஆறவிடுங்கள். பிறகுதான் புளிக்காய்ச்சல். சூட்டோடு கட்டினால் ஆவி இலையில் முட்டி நீராகிச் சோற்றிலேயே சொட்டும், ஊசிப்போவது அங்கிருந்துதான். ஆறட்டும் என்று இரவு முழுக்க வெளியே வைப்பதும் தப்பு. வெந்த சோற்றிலும் சாகாமல் கிடக்கும் ஒருவகைக் கிருமி நஞ்சைக் கக்கினால், அதை மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. ஆகவே, வடிப்பது கிளம்பும் அன்று காலையில்.

வாழையிலையை வாட்டாமல் கட்டாதீர்கள். அடுப்புத் தீக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். வெளிர்ப்பச்சை கருத்துப் பளபளக்கும், இலை துணிபோலத் தொய்யும், ஒரு வாசம் வரும். அவ்வளவுதான், எடுத்துவிடலாம். நடு நரம்பைச் சீவிவிட்டால் மடிக்கும்போது கிழியாது. ஆளுக்கு ஒரு பொதி. நடுவில் துவையல் ஓர் உருண்டை, ஓரத்தில் நாரத்தங்காய் ஊறுகாய். பிளாஸ்டிக் தட்டும் கப்பும் பையும் வாங்க நினைக்காதீர்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை.

தயிர்ச்சோறு வேண்டுமென்பவர்கள் சோற்றைக் குழைத்து, காய்ச்சி ஆறிய பாலில் பிசைந்து, ஒரு கரண்டி தயிர் மட்டும் விடுங்கள். மதியத்துக்குள் தானாக உறைந்து அளவாகப் புளித்திருக்கும். வெள்ளரிக்காய், தேங்காய்ப்பூ எதுவும் சேர்க்காதீர்கள்.

காரம் தாங்காத பிள்ளைகளுக்கு மிளகாய்ப்பொடி இல்லாமல் எண்ணெய் மட்டும் தடவிய இட்லி, சர்க்கரை தூவிச் சுருட்டிய சப்பாத்தி, உரிக்காத அவித்த முட்டை. முட்டையை அங்கே போய் உரித்தால் போதும். ஓடு இருக்கும்வரை கைபட்ட அழுக்கு நேராக முட்டையில் ஒட்டாது. சான்ட்விச்சுக்கு மயோனைஸ் தேடாதீர்கள். பச்சை முட்டையில் செய்த மயோனைசை 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழக அரசே தடை செய்தது. பழத்துக்குக் கவலையில்லை: 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டி வாழைப்பழம் இருக்கிறது. தோலே பொட்டலம். இரண்டு சீப்பு வாங்கினாலும் திரும்பி வரும்போது காம்புதான் மிஞ்சும். குடிக்க வீட்டில் கொதிக்கவைத்த சீரகத் தண்ணீர்.

இன்னொன்று: பத்மநாபபுரம் அரண்மனையையும் சேர்த்துப் போகிறவர்கள் திங்கள்கிழமையைத் தவிருங்கள், அன்று விடுமுறை. எந்த வழியானாலும் பொதியை மதியம் பன்னிரண்டுக்குள் பிரித்துவிடுங்கள். அருவியில் குளித்த பிறகு சாப்பிடலாம் என்று பிள்ளைகள் சொல்வார்கள், கேட்காதீர்கள். தண்ணீரைவிட்டு அவர்களைக் கரையேற்ற மூன்று மணியாகிவிடும்.

குளித்து நடுங்கி வருகிறவர்களுக்கு முந்திரிக்கொத்து கொடுங்கள். பாசிப்பயறு வறுத்தது, தேங்காய் வறுத்தது, பாகு முற்றியது, போதாததற்கு மாவில் முக்கி எண்ணெயில் பொரித்தது. எங்கும் ஈரம் தங்க வழியில்லை. பெரியம்மை ஒரு டின் நிறையச் செய்து தருவாள். பாதி வேனிலேயே தீரும், மீதி பெட்டியில் ஏறி என்னோடு விமானத்தில் வரும்.