பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் (மருத்துவ, உயிரியல் தரவுகளுக்கான புள்ளியியல்) மேற்படிப்பு: எதைப் பார்த்துச் சேர்வது?

இளநிலையில் என்ன படித்தீர்கள் என்பது பெரிய தடையில்லை, மருத்துவம், மருந்தியல், உயிரியல் என்று எங்கிருந்தும் வரலாம். ஆனால் பல மாறிகள் கொண்ட நுண்கணிதமும் நேரியல் இயற்கணிதமும் கைவசம் இருக்க வேண்டும். இவை இல்லாமல் சேர்ந்தால் முதல் பருவத்து நிகழ்தகவு வகுப்பிலேயே மூச்சு முட்டும், அதனால் விண்ணப்பிக்கும் முன்பே இந்த இரண்டையும் முடித்துவிடுங்கள்.

எந்தப் பட்டம்? மருந்துச் சோதனைகளிலோ ஆராய்ச்சிக் குழுக்களிலோ பகுப்பாய்வு வேலை என்றால் முதுநிலை போதும், பெரும்பாலும் 2 வருடம். புதிய முறைகளை உருவாக்கவோ பேராசிரியராகவோ ஆசை என்றால் முனைவர் பட்டம். பொதுச் சுகாதார முதுநிலையில் இதைச் சிறப்புப் பாடமாக எடுப்பவர்கள், அதில் கோட்பாடு குறைவாகத்தான் இருக்கும் என்று தெரிந்தே எடுங்கள்.

பாடத்திட்டம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: நிகழ்தகவு, ரிக்ரெஷன் (மாறிகளுக்கு இடையிலான தொடர்பை மதிப்பிடுவது), சோதனை வடிவமைப்பு, அப்புறம் சர்வைவல் அனாலிசிஸ் (இறப்பு போன்ற ஒரு நிகழ்வு வர எவ்வளவு காலம் ஆகிறது என்று பார்ப்பது; அதன் கருவிகளான, 1958-இல் வந்த கப்லான்-மையர் வளைவும் 1972-இல் வந்த காக்ஸ் மாதிரியும் புற்றுநோய் ஆய்வுகளில் இன்றும் தினமும் புழங்குகின்றன). அதனால் தரவரிசையைவிட நான் முக்கியமாக நினைப்பது வேறு. மாணவர்கள் மருத்துவர்களோடு உட்கார்ந்து, தரவு சேகரிக்கும் முன்பே ஆய்வைத் திட்டமிட அங்கே வாய்ப்பு உண்டா? இதை இப்போது அங்கே படிப்பவர்களிடமே கேளுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு மருந்து ரத்த அழுத்தத்தை 5 புள்ளி குறைக்கும் என்று மருத்துவர் எதிர்பார்க்கிறார், திட்டவிலக்கம் 10 என்று வைத்துக்கொள்வோம், வழக்கமான 5 சதவீத முக்கியத்துவ மட்டம் (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு), 80 சதவீதத் திறன் (இருக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) என்றால் ஒப்பிடும் இரண்டு குழுக்களில் ஒரு குழுவுக்குச் சுமார் 64 பேர் வேண்டும், அதே குறைவு இரண்டரைப் புள்ளிதான் என்றால் 250-ஐத் தாண்டிவிடும். வித்தியாசம் பாதியானால் ஆட்கள் நான்கு மடங்கு. இதை ஆய்வு முடிந்தபின் சொல்லி என்ன பயன்? பக்கவிளைவு தாங்காமல் பாதியில் விலகியவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் மருந்து இருப்பதைவிட நல்லதாகத் தெரியும், அவர்கள் ஏன் விலகினார்கள் என்று அப்போதே குறித்து வைக்காவிட்டால் எந்த மென்பொருளாலும் அதைச் சரிசெய்ய முடியாது. பின்னால் இதைச் சார்ந்து மருந்து சாப்பிடப் போவது நோயாளிகள்.

மென்பொருளில் ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியில் தொடங்குங்கள், இலவசம். மருந்து நிறுவனங்களில் சாஸ் (SAS) என்ற புள்ளியியல் மென்பொருளை இன்னும் பரவலாகக் கேட்கிறார்கள், அதையும் ஒரு பருவம் பழகலாம். வகுப்பில் தரும் சுத்தமான தரவு மட்டும் போதாது. அமெரிக்காவின் என்ஹேன்ஸ் (NHANES) என்ற தேசிய உடல்நல, ஊட்டச்சத்து ஆய்வின் தரவு யாரும் இறக்கிக்கொள்ளும்படி இருக்கிறது, விடுபட்ட மதிப்புகளும் எடையிடலும் (மாதிரி மக்கள்தொகையைப் பிரதிபலிக்க ஒவ்வொருவருக்கும் ஒரு எடை தருவது) நிறைந்த அதில் ஒரு கேள்வியை ஆரம்பத்திலிருந்து அறிக்கை வரை கொண்டுபோய்ப் பாருங்கள்.

மருந்துச் சோதனை வேலைக்கு நேர்காணல் போகிறவர்கள் ஐசிஎச் இ9 (ICH E9) என்ற, மருந்துச் சோதனைகளின் புள்ளியியல் பற்றிய சர்வதேச வழிகாட்டுதலையும், 2019-இல் வந்த அதன் இணைப்பையும் முழுதாகப் படித்துவிட்டுப் போங்கள். எஸ்டிமான்ட் (சோதனை துல்லியமாக எந்த விளைவை மதிப்பிட வேண்டும் என்ற வரையறை) பற்றிக் கேட்டால் பதில் அங்கேதான் இருக்கிறது.