ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலையும் நாட்களில் உடற்பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்பாவுக்கு ஆபரேஷன், துணைக்கு இருப்பது நீங்கள். பகலில் அலுவலகம், இரவில் வார்டுக்கு வெளியே நாற்காலியில் அரைத்தூக்கம். இந்த நிலையில் பலரும் பயிற்சியை அப்படியே மூட்டை கட்டிவிடுகிறார்கள். "எல்லாம் முடியட்டும், ஒன்றாம் தேதியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். எந்த மாதத்து ஒன்றாம் தேதி என்று மட்டும் கேட்கக்கூடாது.

சேர்த்த தெம்பைக் காப்பாற்ற, சேர்க்கும்போது பட்ட பாடு வேண்டியதில்லை. 1980களின் தொடக்கத்தில் சிகாகோவில் உடற்பயிற்சி ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் குழுவினர், வாரம் 6 நாள், தினம் 40 நிமிடம் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களை வாரம் 2 நாளுக்குக் குறைத்துப் பார்த்தார்கள். 15 வாரம் கழித்தும் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் குறையவில்லை. இன்னொரு சோதனையில் நாட்களைக் குறைக்காமல் தினசரி நேரத்தை மட்டும் 13 நிமிடமாக்கியபோதும் அப்படித்தான். தீவிரத்தைக் குறைத்தபோதுதான் சரிந்தது. நம்மவர்கள் செய்வதோ தலைகீழ்: ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால்தான் பயிற்சி, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை.

லிஃப்ட் வாசலில் கூட்டம் நிற்கும்போது, மருந்துச்சீட்டோடு கீழே போய் மூன்று மாடி விறுவிறுவென்று ஏறி வாருங்கள். மூச்சு வாங்கும், அதுதான் வேண்டும். ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனம் 2020இல் கைவிட்டுவிட்டது.

இதற்கு நேர்மாறான தவறு ஆபத்தானது. பில் கவுண்டரில் சண்டை போட்ட சூட்டோடு ஜிம்முக்குப் போய், வழக்கத்தைவிட அதிக எடை தூக்குவது. மாரடைப்பின் காரணங்களை அறிய 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் தரவுகளிலிருந்து 2016இல் வெளியான முடிவு இது: கோபத்திலோ மனக்கலக்கத்திலோ கடும் உடலுழைப்பில் இறங்கினால், அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் மாரடைப்பு வரும் வாய்ப்பு சுமார் 3 மடங்கு. முதலில் வளாகத்தைச் சுற்றி நடந்து ஆறுங்கள். நெஞ்சு இறுக்கினால் நிறுத்துங்கள். நிற்பது ஆஸ்பத்திரியில்தானே, உடனே காட்டிவிடுங்கள்.

நள்ளிரவு தாண்டிப் படுத்துவிட்டு ஐந்து மணிக்கு அலாரம் வைப்பதும் வேண்டாம். அன்றைக்குத் தூக்கம்தான் பயிற்சி.

டிஸ்சார்ஜ் ஆன மறுநாளே விட்டதையெல்லாம் பிடிக்கக் கிளம்புவார்கள் சிலர். முதல் வாரம் வழக்கமான செட்களில் (ஒரே பயிற்சியைத் தொடர்ந்து செய்யும் சுற்றுகளில்) பாதி போதும். உடம்புவலி இரண்டு நாளில் விட்டால் அடுத்த வாரம் கூட்டலாம். விடாவிட்டால் இன்னொரு வாரம் அதே அளவில் இருங்கள்.