ரொம்ப நாள் நின்ற பழைய காரில் இன்ஜின் சத்தமா? இன்ஜினை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

வேலூரில் காட்பாடி காந்தி நகர், சத்துவாச்சாரி, பாகாயம் என்று எந்தப் பக்கம் போனாலும், போர்டிகோவில் உறை போட்டு நிற்கிற ஒரு பழைய காரைப் பார்க்கலாம். பிள்ளைகள் பெங்களூரிலோ துபாயிலோ இருப்பார்கள். அப்பா ஓட்டுவதை விட்டிருப்பார், விற்கவும் மனசு வந்திருக்காது. ரெண்டு மூன்று வருஷம் கழித்து லீவுக்கு வந்த யாராவது புது பேட்டரி மாட்டிச் சாவியைத் திருப்புவார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகும், கூடவே ஒரு சத்தமும் வரும். பார்க்க வந்த மெக்கானிக், "இன்ஜின் வேலை இருக்கு சார், இறக்கித்தான் பார்க்கணும்" என்பார்.

சில வண்டிகளுக்கு அது உண்மைதான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஓடித் தேய்ந்த இன்ஜினில் சத்தம் மாசக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். நிறுத்திய அன்று அமைதியாக ஓடிய இன்ஜினில், நின்ற இடத்திலேயே பேரிங் தேய்ந்து போகாது. எண்ணெய் கீழே வடிந்திருக்கும், ரப்பர் இறுகியிருக்கும், எங்காவது துரு ஏறியிருக்கும், எலி குடியிருந்திருக்கும். அதனால் முதல் கேள்வி வண்டிக்கு அல்ல, வீட்டாருக்கு: கடைசியாக ஓட்டியபோது இந்தச் சத்தம் இருந்ததா? "அப்பவே இருந்தது, அதனாலதான் நிறுத்தினோம்" என்று பதில் வந்தால் கதையே வேறு.

இங்கே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) வைத்த மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர். அம்பாசிடர், பத்மினி வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும், மாறுகிற இடத்தில் சொல்கிறேன்.

சாவியைத் தொடும் முன்

வண்டியைத் தள்ளி வெளியே கொண்டு வாருங்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட்டினால் அந்தப் புகை ஆளைக் கொல்லும். நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு ஒரு கல். வேட்டி, லுங்கி, துப்பட்டாவோடு பானெட் பக்கம் வேண்டாம். ரேடியேட்டர் ஃபேன் கரண்டில் ஓடுவது, எப்போது வேண்டுமானாலும் சுற்ற ஆரம்பிக்கும்.

அப்புறம் ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றுங்கள். நம் பக்கம் நின்ற வண்டிகளில் பாதி வேடிக்கை இதற்குள்தான் இருக்கும். ஃபில்டர் பேப்பரை நார் நாராகக் கிழித்து எலி படுக்கை போட்டிருக்கும், ஓரத்தில் மல்லாட்டைத் தோலும் புளியங்கொட்டையும் குவிந்திருக்கும். விரலை விட்டுத் துழாவினால் கார்புரேட்டர் வாய் வரைக்கும் தோல் தட்டுப்படும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் அது உள்ளே போய்விடும். வேக்குவம் கிளீனர் வைத்து உறிஞ்சி எடுங்கள், காற்றடித்து உள்ளே தள்ளாதீர்கள். டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற புளோயரிலும் இதே சரக்கு இருக்கும். ஏ.சி. போட்டதும் "கறகற" என்று வருகிற சத்தத்தை இன்ஜின் சத்தம் என்று நினைத்து அலைந்தவர்கள் உண்டு. சைலன்சர் குழாய் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ரப்பரையெல்லாம் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். வேலூர் வெயில் ரப்பரை விடாது, ஹோஸ் பைப் கருவாடு மாதிரி விறைத்துப் போயிருக்கும். பெட்ரோல் ஹோஸில் வெடிப்பு இருந்தால் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. இப்போது பங்க்குகளில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருப்பதால், புது ஹோஸ் வாங்கும்போது அதற்குத் தாங்குவதா என்று கேட்டு வாங்குங்கள். டேங்கில் கிடக்கிற பழைய பெட்ரோலில் பெயின்ட் நாற்றம் அடித்தால் மொத்தமாக இறக்கிவிட வேண்டியதுதான்.

கிராங்கையும் (பிஸ்டன் சுற்றும் தண்டு) கேமையும் (வால்வைத் திறக்கும் தண்டு) இணைக்கிற டைமிங் பெல்ட் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட எத்தனை வருஷம் ஆனது என்பதுதான் இங்கே முக்கியம். எப்போது மாற்றினோம் என்று தெரியவில்லையா, மாற்றிவிடுங்கள். அம்பாசிடரின் பழைய இன்ஜினிலும் பத்மினியிலும் இந்த வேலை இல்லை, அவற்றில் செயின்.

எண்ணெய்: இங்கே அவசரம் ஆகாது

சத்தத்தில் பாதி இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும், அல்லது இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்ததால்தான் உண்டாகும். வண்டி நிற்க நிற்க, கிராங்க் பேரிங், கேம், பிஸ்டன் ரிங் எல்லாவற்றிலிருந்தும் எண்ணெய் வடிந்து அடியில் இருக்கிற சம்ப் என்ற எண்ணெய்த் தொட்டியில் சேர்ந்துவிடும். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் முதல் சில விநாடிகள் இரும்பும் இரும்பும் நேராக உரசும்.

ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். லேசாக மோர் நிறத்தில் பூசினாற்போல் இருந்தால் மழைக்கால ஈரமாக இருக்கலாம். டிப்ஸ்டிக்கில் வருகிற எண்ணெயே அந்த நிறத்தில் இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கிறது, ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்காமல் மேலே போகக்கூடாது. எதுவாக இருந்தாலும் பழைய எண்ணெயை வடித்துவிட்டு, மேனுவல் சொல்கிற கிரேடில் புது எண்ணெயும் புது ஃபில்டரும் போடுங்கள். சத்தம் அடங்கட்டும் என்று கெட்டி எண்ணெய் ஊற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது சத்தத்தை மறைக்கும், காரணத்தைத் தீர்க்காது. காரணத்தையே இன்னும் கண்டுபிடிக்காதபோது சத்தத்தை மறைப்பதில் என்ன லாபம்?

இனி மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் ரெண்டு முழுச் சுற்று. ஒரே சீராகச் சுற்றினால் நல்லது. ஓரிடத்தில் மட்டும் இடித்து நின்றால் பலத்தைக் காட்டாதீர்கள். ஏதோ ஒரு வால்வு ஒட்டியிருக்கலாம், ரிங் துருவில் பிடித்திருக்கலாம். அம்பாசிடரின் பழைய இன்ஜினில் வால்வு ஒட்டியது தெரியாமல் செல்ஃப் அடித்தால் வால்வை இயக்குகிற புஷ் ராடு என்ற கம்பி வளைந்துவிடும்.

கையால் சுற்றியாயிற்றா, இப்போது பிளக் இல்லாமலே செல்ஃப் அடிக்க வேண்டும். அதற்கு முன் இக்னிஷன் காயிலுக்கு வரும் வயரைக் கழற்றிவிடுங்கள், பிளக் ஓட்டைகளை ஒரு துணியால் மூடுங்கள். பத்து விநாடி அடித்து, ஒரு நிமிஷம் விட்டு, மறுபடி. டாஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு அணைகிற வரைக்கும். பிளக் இல்லாததால் கம்ப்ரெஷன் இருக்காது, பேரிங்குக்குச் சுமையே இல்லாமல் எண்ணெய் மேலே ஏறிவிடும்.

முதல் ஸ்டார்ட்

பிளக்கையும் வயரையும் மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். கண் ஆயில் விளக்கில் இருக்கட்டும். சில விநாடிகளில் அணைய வேண்டும். பத்து விநாடி ஆகியும் எரிந்தால் நிறுத்திவிடுங்கள், சத்தம் என்னவென்று ஆராய்வதற்காகக்கூட ஓடவிடக் கூடாது. ஆக்சிலேட்டரை மிதித்து ரேஸ் செய்யவும் வேண்டாம்.

சிலிண்டரில் ஊற்றிய எண்ணெய் எரிந்து நீலம் கலந்த வெள்ளைப் புகை தெருவே தெரியாத அளவுக்கு வரும். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

மூன்று சிலிண்டர் இன்ஜின் ஐடிலிங்கில் கொஞ்சம் குலுங்கத்தான் செய்யும். ஸ்டார்ட் ஆகும்போதும் அணைக்கும்போதும் மட்டும் "தடக்" என்று ஒரு இடி வந்தால், அது இன்ஜின் மவுண்டிங் ரப்பர் இறுகிப் போனது.

சத்தம் எங்கே இருந்து?

ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவர் போதும். முனையை இன்ஜின் பாகத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்துங்கள். பெல்ட்டும் ஃபேனும் சுற்றுகிற இடத்தை விட்டு விலகி நில்லுங்கள். டேப்பட் கவர் (இன்ஜின் உச்சியில் இருக்கும் மூடி), பிளாக்கின் பக்கவாட்டு, ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் என்று ஒவ்வொன்றாக வைத்துக் கேட்டால், எங்கே சத்தம் பெரிதாகிறது என்று சட்டென்று புரியும்.

பெல்ட் ஓடும் பக்கத்தில் கீச்சென்றோ உறுமலாகவோ கேட்டால்: ஓடும் ஃபேன் பெல்ட்டின் (மாருதியில் ஃபேன் கரண்டில் ஓடினாலும் பெயர் இதுதான்) உள்பக்கத்தில் தூரத்தில் இருந்தே கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். கீச்சு ஒரு கணம் நின்று மறுபடி வந்தால் பெல்ட்தான். உறுமல் மாறவே இல்லையென்றால், இன்ஜினை அணைத்துவிட்டு பெல்ட்டைக் கழற்றி, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். இப்போது சத்தம் இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் அல்லது வாட்டர் பம்ப் பேரிங். இரண்டையும் கையால் சுற்றிப் பார்த்தால் எது கரகரக்கிறது என்று தெரிந்துவிடும். இந்தச் சோதனை அரை நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், வாட்டர் பம்ப் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. நம் ஊர் போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி வைத்திருந்த வண்டி என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது வாட்டர் பம்பைத்தான். உப்பு படிந்து சீல் போய், பிறகு பேரிங்கும் போகும்.

மேலே டேப்பட் கவருக்குள் "டிக் டிக்" என்று மெல்லிய சத்தம் வந்தால் பெரும்பாலும் வால்வைத் தட்டித் திறக்கும் டேப்பட்டின் இடைவெளி. கேம் ஷாஃப்ட், கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும், அதனால் ஒரே ஒரு வால்வு தட்டினால் இன்ஜின் வேகத்தைவிட நிதானமாகக் கேட்கும். பத்து நிமிஷம் ஓடிச் சூடானதும் குறைந்தால் விட்டுவிடலாம். குறையவில்லையா, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். மாருதி 800-ல் ஸ்க்ரூவும் லாக் நட்டும்தான், ஒரு காலைப் பொழுது வேலை. குளிர்ந்த இன்ஜினுக்கு ஒரு அளவு, சூடான இன்ஜினுக்கு வேறு அளவு, மேனுவலைப் பார்த்துச் செய்யுங்கள். டிக் டிக்கோடு இன்ஜின் மிஸ்ஸும் அடித்தால் வால்வு ஒட்டியிருக்கலாம்.

டேப்பட்டைப் போலவே ஏமாற்றுவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கசிவு. "சப் சப்" என்று காற்றும் கலந்து வரும், காலையில் அதிகமாகவும் இரும்பு சூடானதும் குறைவாகவும் இருக்கும். கேஸ்கெட் ஓரத்தில் கரி படிந்த கோடு தெரிந்தால் அதுதான். டேப்பட்டை எத்தனை முறை டைட் செய்தாலும் இது போகாது.

பெல்ட்டுக்கு எதிர்ப்பக்கம், கியர் பாக்ஸ் அருகே: கிளட்சை மிதித்தால் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். மிதித்தால் நின்றுவிட்டால் கியர் பாக்ஸ் பேரிங்.

கடைசியாக, கீழே இருந்து வரும் கனமான "டொக் டொக்". லேசாக ரேஸ் செய்தால் கூடுகிறது, ஆயில் விளக்கும் சூடானதும் ஐடிலிங்கில் மினுக்குகிறது என்றால் பிக் எண்ட் பேரிங்கை (பிஸ்டனின் கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடத்துப் பேரிங்) நினைக்கலாம். உறுதி செய்ய ஒரு வழி உண்டு. இன்ஜினை அணைத்து, ஒரு பிளக் வயரைக் கழற்றி பாடியில் எர்த் செய்து, ஸ்டார்ட் செய்து கேளுங்கள். பிறகு அடுத்தது. எந்த சிலிண்டரை நிறுத்தும்போது இடி குறைகிறதோ, கோளாறு அங்கே. டேப்பட் சத்தம் இதற்கெல்லாம் மாறாது. எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும் வகை) பிளக் வயரைத் தொடாமல் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றுங்கள். குளிர்ந்தபோது மட்டும் ஓட்டைக் குடத்தைத் தட்டியது போல் கேட்டு, சூடானதும் போய்விடும் சத்தம் பிஸ்டனுடையது. தேய்மானம்தான், ஆனால் உடனே இறக்க வேண்டியதில்லை.

ரோட்டில்

இன்ஷூரன்ஸும் புகைச் சான்றும் உயிரோடு இருக்கிறதா, 15 வருஷம் தாண்டிய வண்டி என்றால் ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிரேக்கைச் சோதித்து, விடியற்காலையில் எடுங்கள். காட்பாடி ரயில்வே மேம்பாலம் நல்ல சோதனைக் களம். ஏறும்போது மட்டும் "கிணுகிணு" என்று கேட்டால் பழைய பெட்ரோல் அல்லது இக்னிஷன் டைமிங், இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. முதல் வாரமே ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஏறிப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

நூறு இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் எண்ணெயை மறுபடி மாற்றி, வடித்ததை வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் பாருங்கள். கறுத்திருந்தால் அழுக்கு கழுவப்பட்டிருக்கிறது. தூள் தெரிந்தால் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டுகிற தூள் இரும்பு. கொஞ்சமாக இருந்தால் துருவாக இருக்கும், அடுத்த முறையும் பார்த்துக்கொள்ளலாம். காந்தத்தில் ஒட்டாமல் வெள்ளியாகவோ செம்பு நிறத்திலோ மினுக்கினால் அது பெரும்பாலும் பேரிங் உலோகம். வண்டியை அதற்கு மேல் ஓட்டாமல், தட்டில் இருப்பதை ஒரு பாட்டிலில் ஊற்றி எடுத்துக்கொண்டு நம்பிக்கையான மெக்கானிக்கிடம் போய்க் காட்டுங்கள்.