கப் நூடுல்ஸ் அருங்காட்சியகம்: யோகோஹாமா போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யோகோஹாமாவின் கப் நூடுல்ஸ் அருங்காட்சியகத்தைத் தங்கள் ஜப்பான் பயணத்தில் சேர்த்துக்கொள்பவர்களில் பலர் அதைக் குழந்தைகளுக்கான விளையாட்டிடமாகவே நினைக்கிறார்கள். கப்பில் ஒரு படம் வரைவது, நூடுல்ஸை அடைத்து வாங்குவது, அடுத்த இடத்துக்குக் கிளம்புவது. அங்கே ஏற்படும் ஏமாற்றங்களில் பாதிக்கு இந்த நினைப்பே காரணம்.

இடத்தைத் தவறவிடுவதும் நடக்கிறது. அதே ஊரில் ஷின்-யோகோஹாமா ராமென் அருங்காட்சியகம் என்று இன்னொன்று, 1994 முதல், புல்லட் ரயில் நிற்கும் ஷின்-யோகோஹாமா நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. 1958ஆம் ஆண்டுத் தெருவைப்போல அமைத்த அரங்குக்குள் ராமென் எனும் ஜப்பானிய நூடுல்ஸ் சூப்புக் கடைகள் நடத்தும் இடம் அது. பசியோடு போக வேண்டியது. நாம் பேசும் அருங்காட்சியகம் 2011இல் திறக்கப்பட்டது. துறைமுகத்தை ஒட்டிய மினாட்டோ மிராய் பகுதியில் இருக்கிறது. மினாட்டோமிராய், பாஷாமிச்சி நிலையங்களிலிருந்து நடந்துவிடலாம். தவறி ஷின்-யோகோஹாமாவில் இறங்கிவிட்டால் புளூ லைன் சுரங்க ரயிலில் சகுராகிச்சோ வந்து நடக்கலாம். ஒசாக்கா பக்கம் மட்டும் போகிறவர்கள் இதற்காக யோகோஹாமா வரை வர வேண்டியதில்லை. அங்கே இகேதாவில் 1999 முதல் இதன் மூத்த அருங்காட்சியகம் இருக்கிறது, நுழைவு இலவசம். இரண்டும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அன்று அரசு விடுமுறையாக இருந்தால் திறந்திருக்கும், மறுநாள் மூடுவார்கள். வெளிநாட்டுப் பயணிகள் வாசல்வரை வந்து திரும்புவது பெரும்பாலும் இந்தச் செவ்வாயால்தான்.

அடுத்த தவறு, நுழைவு டிக்கெட் எடுத்தால் எல்லாம் கிடைத்துவிடும் என்று எண்ணுவது. யோகோஹாமாவில் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 500 யென். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள்வரை இலவசம். அந்தக் கட்டணம் காட்சிகளைப் பார்ப்பதற்கு மட்டுமே. சொந்தக் கப் நூடுல்ஸ் செய்யும் பகுதிக்குத் தனிக் கட்டணம், நேரம் குறித்த சீட்டு. சனி, ஞாயிறுகளிலும் பள்ளி விடுமுறைக் காலத்திலும் மதியம் சாவகாசமாகப் போனால் சீட்டு தீர்ந்திருக்கும். சிக்கன் ராமென் பட்டறை இதனினும் கண்டிப்பானது. கோதுமை மாவைப் பிசைந்து, தேய்த்து, நூலாக வெட்டி, ஆவியில் வேகவைத்து, எண்ணெயில் பொரிப்பதுவரை நாமே செய்ய ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். முன்பதிவு அவசியம். தொடக்கப் பள்ளி வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. நான்கு வயதுப் பிள்ளைக்கு ஆசைகாட்டி அழைத்துப்போய் அங்கே அழவிடாதீர்கள்.

இனி, எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு: காட்சிக்கூடத்தை ஓடிக் கடப்பது. தைவானில் 1910இல் பிறந்த மொமொஃபுகு ஆண்டோ, தான் தலைமையேற்றிருந்த கடன் சங்கம் நொடித்ததில் சொத்தையெல்லாம் இழந்தார். பிறகு இகேதாவில் வீட்டுக் கொல்லையில் ஒரு கொட்டகை போட்டு, 1958இல் உலகின் முதல் இன்ஸ்டன்ட் நூடுல்ஸான சிக்கன் ராமெனை உருவாக்கினார். மனைவி மாவில் தோய்த்த டெம்புரா பொரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வழி பிடிபட்டது. சூடான எண்ணெயில் மாவின் ஈரம் வெளியேறி நுண்துளைகள் உண்டாகின்றன. பின்னர் வெந்நீர் அந்தத் துளைகள் வழியே உள்ளே புகுந்து நூடுல்ஸை இளக வைக்கிறது. அந்தக் கொட்டகையின் மாதிரியை உள்ளே அமைத்திருக்கிறார்கள். ஒரு வாணலி, ஒரு மாவு இயந்திரம், சில பாத்திரங்கள், அவ்வளவுதான். நம் ஊர்க் கடைகளில் விற்ற டாப் ராமனும் இவர் தொடங்கிய நிசின் நிறுவனத்துடையதுதான்.

1966இல் அமெரிக்கா போனபோது, அங்கே சிக்கன் ராமெனை உடைத்துக் காகிதக் கோப்பையில் போட்டு முள்கரண்டியால் சாப்பிடுவதைக் கண்டார். அதிலிருந்து வளர்ந்த கப் நூடுல்ஸ் 1971இல் விற்பனைக்கு வந்தது. இடையில் ஒரு சிக்கல்: நூடுல்ஸ் கட்டியைக் கப்புக்குள் போட்டால் அது சாய்ந்தோ கவிழ்ந்தோ விழுந்தது. ஆண்டோ நூடுல்ஸைக் கீழே வைத்து, கப்பை அதன்மேல் கவிழ்த்தார். செய்முறைப் பகுதியில் நாம் கைப்பிடியைச் சுழற்றும்போது கவிழ்ந்த கப் நிமிர்வது அந்த யோசனைதான். காட்சிக்கூடத்தைப் பார்க்காமல் வந்தவருக்கு அது வெறும் பொம்மைச் சக்கரம். ஆகவே கப் செய்யும் நேரத்துக்கு ஒரு மணி நேரமாவது முன்னால் உள்ளே போய்விடுங்கள்.

கப் செய்யும் இடத்தில் வரிசை மாறாது: முதலில் படம், பிறகு நூடுல்ஸ், சூப்பு, மேல்பொருள்கள், மூடி, கடைசியில் பிளாஸ்டிக் உறை. உறை ஏறிய பிறகு வரைய முடியாது. என்ன வரைவது என்று அங்கே உட்கார்ந்து யோசிக்காமல் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. சூப்பு நான்கு வகை. பன்னிரண்டு மேல்பொருள்களில் நான்கு எடுக்கலாம். மொத்தம் 5,460 சேர்க்கைகள் என்று அவர்கள் சொல்வதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கும் வேறுவேறாக இருந்தால் 1,980தான் வரும். ஒரே பொருளை இரண்டு, மூன்று முறை கேட்கலாம் என்பதால்தான் 5,460. கூச்சப்பட்டு நான்கு வகை சொல்லத் தேவையில்லை. இறால் பிடித்தால் நான்கு முறையும் இறால் கேளுங்கள்.

சைவ உணவுக்காரர்கள் சோளம், பூண்டு, வெங்காயத்தாள் என்று பார்த்து எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பதுண்டு. போதாது. இறைச்சி, மீன் சாறுகள் சூப்புத் தூளிலேயே கலந்திருக்கும். கறி (curry மசாலா), தக்காளி என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஹலால் உணவு மட்டும் உண்பவர்களுக்கும் இது பொருந்தாது. படம் வரைந்து நினைவுப்பொருளாக வைத்துக்கொள்ளலாம், அல்லது சாப்பிடும் நண்பருக்குக் கொடுக்கலாம். உலக நூடுல்ஸ் விற்கும் உள் உணவகத்திலும் சைவத்தை நம்பிப் போகாதீர்கள். அசைவம் சாப்பிடுபவர்கள் வயிற்றில் இடம் வைத்துக்கொண்டு வரட்டும். அங்கே அளவு சிறியது என்பதால் இரண்டு மூன்று நாட்டு நூடுல்ஸை ருசி பார்க்கலாம்.

செய்த கப்பைக் காற்றடைத்த பையில் போட்டுத் தருவார்கள். அதைப் பெட்டிக்குள் திணித்தால் நசுங்கும். கைப்பையில் வைத்து விமானத்தில் ஏறுங்கள். கடையில் வாங்கும் கப்பைப்போல இது பல மாதம் தாங்காது, ஒரு மாதத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இறங்கும்போது எல்லா உணவுப் பொருளையும் படிவத்தில் அறிவிக்க வேண்டும். இறைச்சித் துண்டு கலந்த கப்பை அங்கேயே எடுத்துக்கொள்ளவும் கூடும். அப்படிப்பட்ட நாட்டுக்குத் திரும்புபவர்கள் அன்றிரவே விடுதியில் வெந்நீர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, படம் வரைந்த கப்பைக் கழுவித் துடைத்து எடுத்துப்போகலாம்.